பெயரில்லாத வரி

"என்னைக் கேட்டியாம்மா? ஒரு வார்த்தை என்னைக் கேட்டியா?"

"உனக்காகத்தானே மெரில்... எல்லாரும் சேர்ந்து வேண்டிக்கிட்டா உன் மனசு ஆறும்னு நினைச்சேன்டி."

"நான் உன்கிட்ட சொன்னேன். உன்கிட்ட மட்டும். நீ மேடையேறி ஊருக்கே வாசிச்சுட்டே. பூசை முடிஞ்சு காப்பி குடிக்கிற இடத்துல ஒவ்வொருத்தரா வந்து என் கையைப் பிடிச்சு அழுத்துறாங்க. மீன் கடைக்காரர் தலையைச் சாய்ச்சுக்கிட்டுப் பார்க்கிறார். நான் என்ன, உன் பட்டியல்ல ஒரு வரியா?"

"தப்புதான்மா. தெரியாமப் பண்ணிட்டேன்."

"இனிமே என் பேரை அங்க சொல்லாதே. போன குழந்தையைப் பத்தியும் பேசாதே. சத்தியம் பண்ணு."

ஏழு இலையுதிர் காலங்களுக்கு முன், புனித பர்னபா ஆலயத்தின் செந்நிறக் கதவுக்கு வெளியே, காலடியில் இலைகள் சலசலக்கத் தாயும் மகளும் பேசிய பேச்சு இது. லொரேன் பிக்ஃபோர்டு அன்று சத்தியம் செய்து கொடுத்தாள். பிறந்த அன்றே கண்மூடிய குழந்தையின் துயரும், அத்துயரிடையே முறிந்துபோன மணவாழ்வும் நெஞ்சை அழுத்த, மெரில் அடுத்த மாதமே நாட்டின் மறுகரைக்குப் போனாள். பாலங்களின் உறுதியைச் சோதிக்கும் பணியில் அமர்ந்தாள். பெருநாள்தோறும் தொலைபேசியில் அழைத்து, மழையைப் பற்றியும் பனியைப் பற்றியும் மட்டும் பேசினாள்.

நயமறிந்த வாசகரே, இனி அந்தக் கடலோரச் சிற்றூரை, இலையுதிர் காலம் விடைபெறும் அந்தக் கிழமையில் பாருங்கள். விடியலில் கடலினின்று எழுந்த மூடுபனி, உறக்கம் கலையாத குழந்தையைப் போலத் துறைமுகத்தின் தோளில் சாய்ந்துகிடக்கும். கரையேற்றிய படகுகளும், அடுக்கிவைத்த சிங்கி இறால் கூடுகளும் அப்பனிக்குள் பாதி மறைந்து, கனவிற் கண்ட பொருள்கள் போல மிதக்கும். கதிரவன் சற்றே மேலெழ, குன்றின் சரிவெங்கும் மேப்பிள் மரங்கள் கனலெனவும் பொன்னெனவும் குங்குமமெனவும் ஒளிர்ந்து, காற்று தொட்ட மாத்திரத்தில் அவ்வொளியைக் கைநிறைய அள்ளித் தரையில் இறைக்கும். அச்சரிவின் நடுவே, கடற்காற்றில் வெளுத்துச் சாம்பல் நிறமேறிய மரப்பலகைகளால் ஆன சிறு ஆலயம், தன் செந்நிறக் கதவை மட்டும் நெற்றித் திலகம் போலத் தாங்கி, நூற்றைம்பது ஆண்டுகளாகக் கடலை நோக்கி அமர்ந்திருந்தது.

புனிதர் அனைவர் திருநாளுக்கு முந்திய சனிக்கிழமை அது. திருப்பீடப் பணியில் இருந்த பெண்கள் வெண்துகில்களுக்குத் தேய்ப்புப்பெட்டி போட்டுக்கொண்டும், பித்தளை விளக்குத் தண்டுகளில் உறைந்த மெழுகை வெந்நீரால் நெகிழ்த்திக்கொண்டும் இருந்தனர். லொரேன், வாசலறையின் பலகையில் குத்தியிருந்த தாளை எடுத்து மடித்தாள். ஆண்டுதோறும் ஊரார் தம் வீட்டில் மறைந்தவர்களின் பெயரை அத்தாளில் எழுதுவார்கள். திருநாளன்று மன்றாட்டின்போது அவை ஒவ்வொன்றாய் உரக்க வாசிக்கப்படும். மன்றாட்டை முன்னின்று நடத்துவது இருபது ஆண்டுகளாக லொரேனின் பணி. அதன் நடுவே ஒரு மௌனம் உண்டு. யாருக்கேனும் தம் வேண்டுதலை வாய்விட்டுச் சொல்ல விருப்பமானால் சொல்லலாம், இல்லையேல் நெஞ்சுக்குள் சொல்லிக்கொள்ளலாம். அந்த மௌனம் லொரேனின் பொறுப்பில் ஆண்டுக்காண்டு நீண்டுகொண்டே வந்திருந்தது.

"லொரேன், நாளைக்கு அந்த மௌனத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கம்மா," என்றார், பூசணிக்காய்களைச் சுமந்துவந்த கார்ல்டன். "போன வாரம் நீ கண்ணைத் திறக்கிறதுக்குள்ள வீட்டு அடுப்புல என் கோழி கரியாப் போச்சு. கடவுளே கொட்டாவி விட்டிருப்பார்."

"கோழியை அடுப்புல வச்சிட்டுக் கோயிலுக்கு வந்தது யார் குத்தம்?" என்று பெட்டியைத் துகிலில் ஓங்கி அழுத்தினாள் வின்னி. "போன வருஷம், குளிர்காலத்துக்காக நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி திருப்பி வைக்கிற அன்னைக்கு, அதை மறந்துட்டு, ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து பூட்டின கதவைத் தட்டிக்கிட்டு நின்ன ஆளு, நேரத்தைப் பத்திப் பேசுறார்! நாளைக்கும் அதே நாள்தான், தெரியுமில்ல?"

"இந்தத் தடவை என் வீட்டுக்காரி இப்பவே நாலு கடிகாரத்தையும் திருப்பிட்டா."

"அப்படியே உங்களையும் ஒரு முப்பது வருஷம் பின்னாடி திருப்பி வைக்கச் சொல்லுங்க, அவளுக்கும் உபயோகமா இருக்கும்."

சிரிப்பொலி அடங்கியதும் வின்னி குரலைத் தாழ்த்தினாள். "மெரில் இன்னைக்கு வர்றாளாமே. நாளைக்காவது அவ பேரைச் சொல்லேன்டி. எல்லாரும் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டுதான் இருக்கோம். நீ சொல்லலைன்னா நானே எழுந்து சொல்லிடுவேன்."

"வாயைத் திறந்து பாரு. நீ சுட்ட ஆப்பிள் பலகாரத்துல போன தடவை சர்க்கரைக்குப் பதிலா உப்பைப் போட்டது யாருன்னு குருவானவரம்மாவுக்கு முன்னாடியே சொல்லிடுவேன்."

வின்னி வாயை மூடிக்கொண்டாள். ஆனால் லொரேனின் நகை உதட்டளவோடு நின்றது. ஊரார் அவளுடைய நீண்ட மௌனத்தைப் பத்திமையென்று எண்ணியிருந்தனர். அது பத்திமையன்று; நாவின் நுனியில் வந்து நிற்கும் ஒரு பெயரை, கரைமீறத் துடிக்கும் அலையை மணல்மேடு தடுப்பதுபோல, கிழமைதோறும் தடுத்து நிறுத்தும் போராட்டம். அப்போர் முடிந்து அலை பின்வாங்கும் வரையில் அவளால் கண் திறக்க இயலாது. சத்தியம் மீறினால் மகள் இனி மழையைப் பற்றிப் பேசவும் அழைக்கமாட்டாள் என்பதை அவள் அறிவாள்.

அன்று பிற்பகல், தாழ்ந்த வெயில் சமையலறைச் சாளரத்தில் தேனைப்போல் வழிந்துகொண்டிருக்கையில் மெரில் வந்தாள். பெருநகரில் தன் பணி முடித்து, திரும்பிப் போகும் வழியில் ஓர் இரவு தங்குவதாக ஏற்பாடு. நாற்பதைத் தொட்ட முகத்தில், காதோரம் நரையிட்ட கூந்தலில், பழைய மகளைத் தேடித் தேடித் தாயின் விழிகள் களைத்தன. சிப்பியும் உருளைக்கிழங்கும் பாலில் வெந்த கூழை இருவரும் உண்டார்கள். மழை பேசினார்கள், பனி பேசினார்கள், பேசப் பொருளற்றபோது கரண்டிகள் பேசின.

உணவுக்குப் பின் லொரேன் தாளை விரித்து, ஊரார் கிறுக்கிய பெயர்களைத் தெளிவான எழுத்தில் படியெடுக்கத் தொடங்கினாள். மெரில் தேநீர்க் கோப்பையோடு பின்னால் வந்து நின்றாள்.

"அப்பா பேரு இருக்கு."

"வருஷா வருஷம் முதல்ல அவர் பேரைத்தான் எழுதுவேன். உயிரோட இருந்தப்பவும் முதல் ஆளா வந்து உட்காருவாரே."

மெரில் சற்றே சிரித்தாள். அவள் விரல் தாளின் அடிப்பகுதிக்கு இறங்கியது. "இது என்ன, கடைசியில ஒரு வரி காலியா விட்டிருக்கே? விட்டுப்போச்சா?"

லொரேனின் எழுதுகோல் நின்றது. பொய் சொல்ல எண்ணினாள், இயலவில்லை.

"இல்லைம்மா. ஒவ்வொரு வருஷமும் விடறதுதான். எனக்குத் தெரியாத ஒரு பேருக்கு."

அடுப்பில் தேநீர்க் கெண்டி மெல்ல முனகியது. மெரில், "தண்ணி கொதிக்குது," என்று சொல்லிக்கொண்டு, கையிலிருந்த தேநீர் இன்னும் ஆறாதிருக்க, அடுப்பை நோக்கி நடந்தாள்.

"நாளைக்குக் கோயிலுக்கு..." என்று தொடங்கினாள் லொரேன்.

"வரலைம்மா. முடிஞ்சப்புறம் பதினொரு மணிக்கு வர்றேன். கல்லறைத் தோட்டத்துல அப்பாவைப் பார்த்துட்டு, அப்படியே கிளம்பிடுவேன்."

ஞாயிறு புலர்ந்தது. மணியோசை மூடுபனியைப் பிளந்து, நீர்மேல் வட்டங்கள் விரிவதுபோல் ஊரின்மேல் விரிந்தது. வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் வழியே நுழைந்த கதிர், திருப்பீடத்துச் சாமந்திகளின்மேல் நீலமும் ஊதாவும் தூவ, இசைப்பெட்டியின் நெடும்பண் மரக்கூரையைத் தடவித் தடவி இறங்க, சிலுவை ஏந்தியவரைத் தொடர்ந்து வெண்ணுடை அணிந்த குருவானவர் பீட்ரிஸ் அம்மையார் நடந்து வந்தார். பழகிய பாடலின் அடிகள் ஊராரின் வாய்களில் தாமே மலர்ந்தன. விழித்திருந்தபடியே அனைவரும் ஒரே கனவைக் காண்பது போன்றிருந்தது அந்தப் பொழுது. அருளுரை முடிந்தபின் லொரேன் எழுந்து மன்றாட்டு மேடையில் நின்றாள்.

உலகுக்காக வேண்டினாள், நோயுற்றோருக்காக வேண்டினாள், பிறகு மறைந்தவர்களின் தாளை விரித்தாள். "ஹாரிஸ் பிக்ஃபோர்டு," என்று தன் கணவன் பெயரை முதலில் வாசித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் எங்கோ ஒரு தலை தாழ்ந்தது. எங்கோ ஒரு கைக்குட்டை விரிந்தது. முப்பது பெயர்களைக் கடந்திருப்பாள். செந்நிறக் கதவு திறந்தது.

மெரில் நின்றிருந்தாள். கூட்டம் கலைந்திருக்கும், காப்பி மணக்கும் என்று எண்ணி வந்தவள், நிறைந்த இருக்கைகளையும் தாழ்ந்த தலைகளையும் கண்டு திகைத்து, கதவின் பிடியை விடாமல் நின்றாள். அடுக்களைச் சுவரின் கடிகாரம் லொரேனின் நினைவில் மின்னி மறைந்தது. தன் படுக்கையறைக் கடிகாரத்தைத் திருப்பி வைத்தவள், இதைத் திருப்ப மறந்துபோயிருந்தாள்! கைபேசியை அணைத்துப் பையில் போட்டிருந்த மகள், அந்தக் கடிகாரத்தை நம்பி ஒரு மணி நேரம் முன்னரே வந்துவிட்டாள்.

திரும்பிப் போய்விடுவாள் என்றே லொரேன் எண்ணினாள். கடைசி வரிசையில் அமர்ந்திருந்த கார்ல்டன் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை, கையைப் பற்றவில்லை, ஒரு சொல்லும் சொல்லாமல், தம் கனத்த உடலைச் சற்றே நகர்த்தி இடம்விட்டார். மெரில் அந்த இடத்தைப் பார்த்தாள். வெளியே கல்லறைத் தோட்டத்தில் இலைகள் உதிர்வதைப் பார்த்தாள். பின்பு கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்து அமர்ந்தாள்.

முன்வரிசையிலிருந்து வின்னியின் புருவங்கள் உயர்ந்து, 'சொல்லு, சொல்லு' என்று ஏவின. லொரேன் எஞ்சிய பெயர்களை வாசித்தாள். தாளின் அடியில் அந்த வெற்று வரி வந்தது; மௌனமும் வந்தது.

ஏழு ஆண்டுகளின் அலை திரண்டெழுந்து அவள் பற்களில் மோதிற்று. மெரில் என்ற மூன்றெழுத்தை உதிர்த்தால் போதும். ஊர் முழுதும் ஒருமித்து வேண்டும். மகள் இங்கேயே இருக்கிறாள். ஆனால் அன்றைக்கும் அப்படித்தானே எண்ணினோம் என்ற நினைவு அவளைத் தடுத்தது. பிறர் துயரை அவர் கேளாமலே எடுத்துக் கடவுளின் கையில் கொடுப்பதும் ஒருவகைக் களவுதான் என்று, அந்த மேடையில் நின்றபடி, அவளுக்கு விளங்கியது. கிழமைதோறும் அவள் காத்தது தன் நாவை. இன்று முதன்முறையாக அவள் காத்தது மகளுக்குரிய இடத்தை. விழிகளை மூடவில்லை. மகளை நோக்கவும் இல்லை. ஒருவர் வந்து அமர்வதற்காக இருக்கையைப் பிடித்துவைத்துக் காத்திருப்பவள்போல், அந்த வெற்று வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.

மௌனம் நீண்டது. யாரோ இருமினார்கள். கூரையில் ஒரு கடற்புறா நடக்கும் ஒலி கேட்டது. எத்தனை கோழிகள் கருகினாலும் ஆகட்டும் என்பதுபோல் கார்ல்டன் அசையாதிருந்தார். வண்ண ஒளி ஒரு சாமந்தியிலிருந்து அடுத்த சாமந்திக்கு மெல்ல நகர்ந்தது. உலகில் எல்லாப் பிரிவுகளும், எல்லாப் பிணக்குகளும், ஒருவர் மற்றொருவருக்கு விட்டுவைக்கும் அந்தச் சிறு வெளியில்தான் ஆறுகின்றன போலும்; அதை நிரப்பிவிடாமல் காத்திருப்பதற்கு அன்பைக் காட்டிலும் பெரிய துணிவு வேண்டியிருக்கிறது.

கடைசி வரிசையில் இருக்கைப் பலகை முனகியது.

"அம்மா."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. லொரேன் மட்டும் நிமிர்ந்தாள். முன்னிருக்கையின் விளிம்பை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு மெரில் எழுந்து நின்றிருந்தாள்; ஒரு பாலத்தின்மேல் முதல் அடி வைப்பவளைப்போல.

"அந்தக் காலி வரியில ஹேசல்னு எழுதிக்கோம்மா. என் பொண்ணு பேரு ஹேசல். நான் வச்ச பேரு. அவ பேரை இதுவரைக்கும் யாரும் சொல்லி நான் கேட்டதே இல்லை..." அவள் குரல் ஆலயம் முழுதும் கேட்கும்படி எழுந்தது. "நீ வாசிச்சு நான் கேக்கணும்மா. வாசி."