துரையின் நட்சத்திரம்

லண்டனில் புது ராஜாவுக்கு முடிசூட்டிய வருஷம் அது. பசறைச் சந்தைக்கும் அக்கரைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்கும் நடுவே ஓடிய ஆற்றுக்கு ஒரு பாலம் வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எங்கே போடுவது என்பதில்தான் வம்பு. தோட்டத்துக் கம்பெனி தன் ஃபாக்டரிக்குப் பக்கத்தில் கேட்டது. லயத்துச் சனங்களும் பசறைக் கடைக்காரர்களும் ஒரு மைல் கீழே, சந்தைப் பாதையில் கேட்டார்கள். அரசாங்கம் கொடுக்கப்போவதோ ஒரே ஒரு கம்பிப் பாலம்.

கம்பெனிக்கு வழி தெரியும். தோட்டத்துப் பெரிய துரை சனிக்கிழமைதோறும் ஊவா மாகாணத்தையே ஆண்ட அரசாங்க ஏஜெண்டு துரையோடு டென்னிஸ் ஆடினார். ஒவ்வொரு வாரமும் அழகாகத் தோற்றார். துரைமார் சங்கம் கொழும்புக்கு ஒரு கடிதம் போட்டது. அங்கே சட்டசபை அங்கத்தினர் ஒருவர் விருந்துக்கு நடுவே அந்தப் பாலத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவைத்தார். யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, ஆனாலும் காரியம் முக்கால்வாசி முடிந்துவிட்டது. சாமர்த்தியம் என்றால் வேறென்ன?

பசறையில் வெற்றிலைக் கடை வைத்திருந்த ரெங்கம்மாவுக்கு டென்னிஸ் தெரியாது. அவளுக்கு அந்த ஆற்றைத் தெரியும். மகள் வேலாயியை அக்கரையில்தான் கட்டிக்கொடுத்திருந்தாள். தலைப்பிரசவத்துக்கு அவளைக் கூட்டிவரப் போன அன்று ஆறு கரைபுரண்டது. ரெங்கம்மா மூன்று நாள் இக்கரையில் நின்று கத்தினாள். தண்ணீர் வடிந்து லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளையைப் புதைத்திருந்தார்கள். இப்போது வேலாயிக்கு மறுபடி மூன்று மாதம். பிரசவம் ஐப்பசிக் கடைசியில், அடைமழையும் ஐப்பசியில். ஃபாக்டரிப் பக்கம் பாலம் வந்தால் இரும்புக் கதவும் காவலும் வரும், பெரிய துரையின் சீட்டு இல்லாமல் ஒரு ஈ கூடத் தாண்ட முடியாது.

பதுளையில் ஏஜெண்டு துரையின் ஆபீஸான கச்சேரி வாசலில் மனு எழுதும் தம்பையா, துரைக்கு இங்கிலீஷில் ஒரு மனு எழுதினார். நானூறு பேர் கைநாட்டு வைத்தார்கள். தம்பையா அதைத் தமிழில் வாசித்துக் காட்டினார். ‘மனுதாரர்கள் துரையவர்களுக்காக என்றென்றும் பிரார்த்தனை செய்வார்கள்’ என்று முடிந்தது. எல்லா மனுவும் அப்படித்தான் முடியும். இருபது வருஷமாகத் தம்பையா அதை யோசிக்காமலேதான் எழுதி வந்தார். ரெங்கம்மா யோசித்தாள்.

அந்த வெள்ளிக்கிழமையே தேங்காயும் தட்டுமாக மாரியம்மன் கோயிலுக்குப் போனாள். அர்ச்சனைக்குப் பூசாரி பேரும் நட்சத்திரமும் கேட்டார். வாயில் நுழையாத ஏஜெண்டு துரை பேரைத் தம்பையாவிடம் கேட்டு மனப்பாடம் பண்ணி வைத்திருந்தாள். நட்சத்திரத்துக்கு எங்கே போவாள்? தெரியாவிட்டால் சாமி பேருக்கே பண்ணிவிடலாம் என்றார் பூசாரி. அவள் ஒப்பவில்லை. வாக்குக் கொடுத்தது துரை பேருக்கு. அதை மாற்றினால் ஏமாற்று வேலை. உடைக்காத தேங்காயோடு பதுளைக்கு வண்டி ஏறினாள்.

கச்சேரியில் மனுவோடு வருகிறவர்களைப் பெஞ்சில் உட்காரவைப்பது பியூன் மர்ஸூக்கின் வேலை. அவளுக்கும் பெஞ்சைக் காட்டினார்.

“மனுவுக்கு வரலீங்க. தொரை என்ன நட்சத்திரம்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க, போயிடுறேன்.”

இந்தக் கேள்விக்கு அந்தப் பெஞ்சில் இடம் இல்லை. கேள்வி உள்ளே போயிற்று. ஒரு மேசையில் சிரித்து, அடுத்த மேசைக்குத் தாவி, மொழிபெயர்ப்பாளர் தங்கராஜா வழியாகத் துரையின் அறைக்குள்ளேயே புகுந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் ரெங்கம்மாவைக் கூப்பிட்டார்கள்.

எதற்கு நட்சத்திரம் என்று கேட்டார் துரை.

“ஒங்களுக்காக வேண்டிக்குவோம்னு நானூறு பேரு கைநாட்டு வச்சிக் குடுத்திருக்கோங்க. நட்சத்திரம் தெரியாம எப்படி வேண்டிக்கிறது?”

தங்கராஜா சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தார். துரை சிரிக்கவில்லை. பத்தொன்பது வருஷ உத்தியோகத்தில் அந்த வரியோடு எத்தனையோ ஆயிரம் மனுக்கள் அவரிடம் வந்திருந்தன. அதை நிறைவேற்ற வந்தவள் இவள் ஒருத்திதான். காகிதக் கட்டுக்கு அடியில் கிடந்த அவர்கள் மனுவை எடுத்துவரச் சொல்லி முழுதும் படித்தார். நட்சத்திரம் தமக்குத் தெரியாது, பிறந்த நேரத்தைத் தம் தாயாருக்குக் கடிதம் எழுதிக் கேட்பதாகச் சொன்னார். பிறகு, பாலம் சந்தைப் பாதையில் வராவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார்.

“வராட்டியும் வேண்டிக்குவோம் தொரை, வாக்கு வாக்குதான். ஆனா முடிவு பண்றதுக்கு முந்தி ஒரு ஞாயித்துக்கெழம ஆத்தங்கரையில வந்து நில்லுங்க. எங்கிட்டு எத்தன பேரு எறங்குறாங்கன்னு நீங்களே எண்ணிப் பாருங்க.”

துரை வந்தார். பெரிய துரைக்குச் சொல்லாமல், குதிரையில், தங்கராஜாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். மத்தியானம் வரை ஆளுக்கொரு பக்கம் நின்று எண்ணினார்கள். ஃபாக்டரிப் பக்கம் கடந்தது இரண்டு பேரும் ஒரு நாயும். சந்தைப் பாதையில் அறுநூற்றுப் பதினொரு பேர், பாதிப்பேர் தலையில் மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாக. அடுத்த சனிக்கிழமை பெரிய துரை முதல் தடவையாக ஜெயிப்பதற்காக ஆடினார் என்று கேள்வி.

சீமையிலிருந்து தாயாரின் பதில் வந்ததும், பூசாரி கணித்துச் சொன்ன துரையின் நட்சத்திரத்துக்கு ரெங்கம்மா தேங்காய் உடைத்தாள்.

ஐப்பசி முதல் வாரத்தில் சந்தைப் பாதையில் பாலம் திறந்தார்கள். மலையில் மூன்று நாளாக மழை. கீழே ஆறு செக்கச் சிவந்து உறுமிக்கொண்டு ஓடியது. இக்கரையில் ரிப்பன், தோரணம், நாதஸ்வரம். ஏஜெண்டு துரை பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். தங்கராஜா அதைத் தமிழாக்கிக்கொண்டிருக்கும்போதே அக்கரைக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருத்தி பாலத்தில் ஏறிவிட்டாள். நிறைமாத வயிறு, ஒரு கை கம்பியில், மறு கையில் துணிமூட்டை. வேலாயிதான். பிரசங்கம் முடியட்டும் என்று அவளுக்கு யார் சொல்வது?

துரை பேச்சை நிறுத்தினார். பாலம் ஆட ஆட அவள் ஒவ்வோர் அடியாக வந்தாள். நடு ஆற்றில் ஒரு தடவை நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, பிறகும் நடந்தாள். ரெங்கம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ரிப்பனுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். துரை தாமே ரிப்பனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். வேலாயி குனிந்து வெளியே வந்து தாயின் தோளில் சாய்ந்தாள்.

“பசிக்குதும்மா,” என்றாள்.

ரெங்கம்மா அழுதாள், சிரித்தாள். பிரசங்கத்தில் தன் பேர் வருவதற்குக்கூடக் காத்திராமல், மகளின் மூட்டையை வாங்கிக்கொண்டு சோறாக்க வீட்டுக்கு நடந்தாள்.