டைல் போட்டது யார்

வரித்துறையிலிருந்து கடிதம் வந்ததிலிருந்து வெர்லின் டோலெஃப்சனுக்குச் சரியான தூக்கமே இல்லை. அவருக்கும் மனைவி ஆர்டிஸுக்கும் ஃப்ளோரிடாவில் வாடகைக்கு விட்ட சின்ன வீடு ஒன்று உண்டு. அங்கே போய்வந்த டிக்கெட், ஓட்டல், சாப்பாட்டுச் செலவை வாடகை வருமானத்திலிருந்து கழித்திருந்தார். போனது வேலைக்கா, உல்லாசத்துக்கா என்று டுலூத் நகர அலுவலகத்துக்கு நேரில் வந்து விளக்கச் சொல்லியிருந்தார்கள்.

வேலைக்குத்தான் போனார்கள். ஜனவரியில் அந்த வீட்டுக் குளியலறைக் குழாய் வெடித்துத் தரை பெயர்ந்துவிட்டது. அவர்கள் ஊரான பெமிட்ஜியில் அப்போது மூக்கு விறைக்கும் குளிர். "நானும் வர்றேன், கடலப் பாத்து எவ்ளோ நாளாச்சு" என்று ஆர்டிஸும் கிளம்பினாள். அவள் சும்மா வந்தவள் என்று, வெர்லின் இரண்டு விமான டிக்கெட்டில் தன்னுடையதை மட்டும் கணக்கில் காட்டினார்.

அங்கே நடந்ததோ வேறு. பழைய டாய்லெட்டைத் தூக்கப்போன வெர்லினுக்கு முதல் நாளே இடுப்புப் பிடித்துக்கொண்டது. கடற்கரையில் சாய்ந்து வெயில் காய்ந்தார். கொஞ்சம் நிமிர முடிந்ததும் தூண்டில் போட்டார். முழங்காலிட்டு உட்கார்ந்து பழைய தரையை உடைத்து, டைல் ஒட்டி முடித்தது ஆர்டிஸ்தான். ஊர் திரும்பியதும் காபிக்கடை நண்பர்களிடம், "அத்தனையும் என் கையால போட்டேன்" என்று வெர்லின் அளந்தார். பக்கத்தில் ஆர்டிஸ் காபியைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

டுலூத் போகும் வழியில்தான் கேட்டாள். "அங்க போய் என்ன சொல்லப் போற?"

"உள்ளதத்தான்."

"எந்த உள்ளத? காபிக்கடையில சொன்னியே, அதையா?"

வெர்லின் கார் ரேடியோவைத் திருகினார்.

விசாரித்தவர் மிஸஸ் ப்ரூயிட் என்ற அதிகாரி. "அங்க போய் என்ன வேலை பாத்தீங்க?"

"டைல்..." என்று ஆரம்பித்தார் வெர்லின். பக்கத்தில் ஆர்டிஸ் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. "டைல் போட்டது நான் இல்லீங்க. இவதான். நான் இடுப்பப் பிடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன். அப்புறம் மீன் பிடிச்சேன்."

ஆர்டிஸ் சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

"அப்போ உங்க டிக்கெட்டக் கழிக்க முடியாதே" என்றார் அதிகாரி. "வீடு யார் பேர்ல இருக்கு?"

"ரெண்டு பேர் பேர்லயும்."

"இவங்க டிக்கெட்டக் காணோமே?"

"இவ சும்மாதான வந்தான்னு விட்டுட்டேன்."

"சும்மா வந்தவங்களா டைல் போட்டாங்க?"

ஆர்டிஸ் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். தன் டிக்கெட்டைக் கைபேசியில் தேடிக் காட்டினாள். அதே விமானம், அதே கட்டணம்.

"நீங்க எத்தன நாள் ஜாலியா இருந்தீங்க?" என்று அவளிடம் கேட்டார் அதிகாரி.

"கடைசி நாள் மட்டும் கடல்ல கால நனைச்சேன். மத்த நாளெல்லாம் சிமெண்ட்டுலதான் நனைச்சேன்."

"அப்போ அது வேலைக்குப் போன பயணம்தான். அவர் டிக்கெட்ட எடுத்துட்டு உங்களோடத வச்சுக்கறேன். அந்தக் கடைசி நாள் ஓட்டல் வாடகையும் அவர் சாப்பாட்டுச் செலவும் மட்டும் கழிக்க முடியாது. கூடுதல் வரி கொஞ்சம்தான் வரும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். இடுப்பப் பாத்துக்கங்க."

வெளியே ஏரிக்காற்று முகத்தில் அடித்தது. காரின் மேல் கையை ஊன்றி நின்றார் வெர்லின். அவர் கையிலிருந்த சாவியை ஆர்டிஸ் வாங்கிக்கொண்டாள்.

டுலூத் எல்லை தாண்டுவதற்குள் வெர்லின் குறட்டை விட ஆரம்பித்திருந்தார்.