இரண்டு மணிக் கட்டம்

காலை ஏழு மணிக்கு வேலைக்கு வந்த நர்ஸ் கெரின் இன்னும் ஒருமுறைகூட உட்காரவில்லை. அவள் பொறுப்பில் எட்டு நோயாளிகள். ஐந்தாம் படுக்கையில் யோசெஃபோ. ஊர் எல்லையிலுள்ள இறைச்சி ஆலையில் இயந்திரம் நசுக்கிய தோளுக்கு முந்தின நாள் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. வலித்தால் அழுத்திக்கொள்ள அவன் கையில் ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் படுக்கையருகே இருந்த பம்பிலிருந்து வலி மருந்தான மார்ஃபின் கொஞ்சம் நரம்பில் இறங்கும். வேறு யாரும் அதைத் தொடக்கூடாது என்று கெரின் அவனிடம் சொல்லியிருந்தாள். அவன் மனைவி மாலியா அப்போது ஆலையில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டு மணிக்கு அவனைப் பார்த்திருக்க வேண்டும். அந்நேரம் முதல் படுக்கைக் கிழவர் குளியலறையில் விழுந்துவிட்டார். அவரைத் தூக்கிப் படுக்க வைத்துவிட்டு வர இரண்டரை ஆகிவிட்டது.

"நல்லாத் தூங்குறாரு சிஸ்டர்," என்றாள், வேலை முடிந்து வந்திருந்த மாலியா. பொத்தான் அவள் கையில் இருந்தது. "முனகுனாருன்னா நானே அமுக்கிடுறேன்."

கெரின் அவன் மார்பில் கை வைத்து எண்ணினாள். நிமிடத்துக்கு ஐந்து மூச்சு. உதடு நீலம் பாய்ந்திருந்தது. பம்பை நிறுத்தி, அவசர மணியை அடித்து, ஆக்சிஜனை மாட்டினாள்.

"யோசெஃபோ! மூச்ச இழுங்க! இழுங்க!"

டாக்டர் ஓடிவந்து மார்ஃபினை முறிக்கும் மருந்தைப் போட்டார். இரண்டு நிமிடத்தில் யோசெஃபோ கண் திறந்து, வலியில் அலறினான்.

மாலியா சுவரோடு ஒட்டி நின்றாள். "நான் கொல்லப் பாத்துட்டேனா?"

"இல்லம்மா. மருந்து மிஞ்சுனா மூச்சு அடங்கிடும். தூக்கம் வந்தா அவரு கை அமுக்குறத தானா நிறுத்திடும். அதுதான் அவருக்குக் காவல். இத உங்ககிட்ட சொல்லியிருக்கணும்."

"யாரும் சொல்லல சிஸ்டர்."

"ஆமா. நானும் சொல்லல."

நான்கு மணிக்கு வார்டு மேலாளர் கிளெனிஸ் கெரினைக் கூப்பிட்டாள். மேசையில், நேரம்தோறும் மூச்சை எண்ணிக் குறிக்கும் யோசெஃபோவின் அட்டை.

"ரெண்டு மணிக் கட்டம் காலியா இருக்கே கெரின்?"

"இன்னொரு ஆள் வேணும்னு காலையில உங்ககிட்டதானே கேட்டேன்?"

"ஆள் இல்லேன்னு அப்பவே சொல்லிட்டேன். இப்ப கேக்குறது ரெண்டு மணியப் பத்தி."

கெரினுக்குக் கால் வலித்தது. "கிழவரத் தரையிலயே விட்டுட்டு வரச் சொல்றீங்களா?"

கிளெனிஸ் எழுதிக்கொண்டிருந்தாள். "விசாரணை முடியுறவரைக்கும் நீ வேலைக்கு வர வேணாம்."

மறுநாள் காலை வார்டுப் பலகையில் கெரினின் பெயர் அழிக்கப்பட்டிருந்தது. மற்ற இரண்டு நர்ஸ்களின் எட்டெட்டுப் படுக்கைகளுக்குக் கீழே, அவளுடையவற்றை நான்கு நான்காகப் பிரித்து எழுதியிருந்தார்கள்.