மேட்டுமுக்கு பெஞ்சு

"தப்புதான் சாரே, இனிமே அங்க உக்கார மாட்டேன்னு சொல்லிரு. அதோட முடிஞ்சிரும்" என்றார் சுவக்கீன். முறத்தில் கிடந்த ஏலக்காயில் நல்ல பச்சையாகப் பார்த்துப் பொறுக்கி ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். எஸ்டேட் லயத்துத் தொழிலாளர் வீடுகளில் யாரைப் போலீஸ் கூப்பிட்டாலும் இப்படி ஒரு பொட்டலம் கூடவே போகும். குற்றம் என்னவென்று கேட்கும் வழக்கம் மட்டும் அங்கே கிடையாது.

"என்ன தப்புப்பா?" என்றாள் மகள் பின்சி.

அவள் முந்தின நாள் கேட்டதும் அதைத்தான். குமுளிச் சாலையில் மேட்டுமுக்கு வெயிட்டிங் ஷெட்டில் பஸ்ஸுக்காக உட்கார்ந்து, கூடப் படிக்கும் அஜயோடு பரீட்சையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். பட்டப்பகல். ஜீப்பை நிறுத்திய எஸ்.ஐ., இவன் உனக்கு என்ன வேண்டும் என்று அதட்டி, இரண்டு பேரையும் படம் எடுத்தார். இதில் என்ன தப்பு, எந்தச் சட்டத்தில் என்று பின்சி கேட்டுவிட்டாள். அஜயை விரட்டிவிட்டு, நாளைக்கு அப்பனோடு வந்து மன்னிப்புக் கேள், இல்லையென்றால் படம் கல்லூரிக்குப் போகும் என்றார் அவளிடம். உட்கார்ந்ததைவிடக் கேட்டதுதான் பெரிய குற்றம்.

லயத்திலிருந்து நர்சிங் படிக்கப் போன முதல் பெண் அவள். படிப்பு நின்றுவிடுமோ என்று சுவக்கீன் பயந்தார். வழியெல்லாம் மகளிடம் கெஞ்சிக்கொண்டே வந்தார். அவள் பிடிகொடுக்கவில்லை.

ஷெட்டுக்கு எதிரிலேயே போலீஸ் எய்டு போஸ்ட். எஸ்.ஐ. அவர்களை உட்காரச் சொல்லவில்லை. பெண்பிள்ளைக்குக் கடைத்தெருவில் என்ன வேலை என்று மலையாளத்தில் தொடங்கி, தோட்டத்துத் தமிழர்களுக்கு மானமே கிடையாது என்பதுவரை போனார். சுவக்கீன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பொட்டலத்தை எடுத்து நீட்டப் போனபோதுதான் ஜன்னல் வழியே அந்தப் பெஞ்சு கண்ணில் பட்டது.

தேக்கடி பார்க்க வந்த ஒரு ஜோடி அங்கே உட்கார்ந்திருந்தது. அவள் அவன் தோளில் சாய்ந்து ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தாள். ஒரு போலீஸ்காரர் அவர்களுக்குச் சிரித்த முகத்தோடு வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

சுவக்கீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீட்டப் போன பொட்டலத்தைச் சட்டைப் பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"அவுக அப்பாமாரையும் வரச் சொல்லுங்க சாரே. அவுக மன்னிப்புக் கேக்கட்டும், எம்மகளும் கேப்பா."

எஸ்.ஐ. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். படத்தை இப்போதே அனுப்புகிறேன் என்றார்.

"அனுப்புங்க. கூட நானும் இருக்கிற மாதிரி இன்னொண்ணும் எடுத்து அனுப்புங்க. அந்தப் பெஞ்சுலதான் இருப்பேன்."

ஜோடி போன பிறகு பெஞ்சு காலியாக இருந்தது. சுவக்கீன் மகளை உட்கார வைத்துத் தானும் உட்கார்ந்தார். அஜய்க்குப் போன் போடச் சொன்னார். அவன் வந்து தயங்கி நிற்க, நகர்ந்து இடம்விட்டார். பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்கு ஒரு ஏலக்காய் கொடுத்தார்.

எஸ்.ஐ. போனும் கையுமாக வாசலுக்கு வந்தார். படம் எடுக்கவில்லை.

லயத்துப் பக்கம் போகும் ஆனைக்கரை பஸ் வந்து நின்று, ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனது. மூன்று பேரும் எழுந்திருக்கவில்லை.