அண்ணாச்சி வண்டியில் கார் ஆயில்

சுயம்பு அண்ணாச்சி கடைக்கு நான் கொடுக்க வேண்டிய பாக்கி மூவாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். அரிசி, பருப்பு, சோப்பு என்று ஐந்து மாதத்தில் ஏறியது.

அவர் கடை தாராவியில். நான் வேலை பார்ப்பது செம்பூரில், முகைதீன் பாயின் கார் பட்டறையில். காருக்கு அடியில் படுத்துப் பழைய ஆயிலை இறக்குவேன், எழுந்து புதியதை ஊற்றுவேன். நாலு லிட்டர் டப்பாவில் மூன்றரைதான் காருக்குப் போகும். மிச்ச அரை லிட்டர் வேலை செய்கிறவனுக்கு. பட்டறை வழக்கம் அது. கார்க்காரர்களைக் கேட்டதில்லை.

பாக்கி கேட்டுப் பட்டறைக்கு வந்த அண்ணாச்சி கண்ணில் ஒரு நாள் அந்த டப்பா பட்டுவிட்டது.

"இது என்ன வெலை லே?"

"மூவாயிரத்து இருநூறு அண்ணாச்சி. ஃபுல்லி சிந்தெடிக்."

"நான் நானூறு ரூவா ஆயில ஊத்திட்டுத் திரியுதேன். இதுல ஒரு லிட்டரு குடு. பாக்கிக்கு ஒரு மாசம் தவணை தாரேன்."

இரண்டு கார்களின் மிச்சத்தைச் சேர்த்துக் கொடுத்தேன். தன் பைக்கில் ஊற்றிக்கொண்டார்.

மாதம் முடியுமுன் பைக்கின் போக்கே மாறிப்போனது. சத்தம் முன்னே போகும், வண்டி பின்னே வரும். கோவண்டி பாலத்து ஏற்றத்தில் நான் நடந்து போகும்போது முதுகுக்குப் பின்னால் விமானம் கிளம்புகிற மாதிரி இரைச்சல். திரும்பினால் அண்ணாச்சி. பின்சீட்டில் அரிசி மூட்டை.

"நில்லுலே இசக்கி."

நின்றேன். அவர் வந்து சேரவில்லை. கடன் கொடுத்தவரைக் கஷ்டப்படுத்துவது மரியாதையில்லை என்று நானே கீழே இறங்கிப் போனேன்.

"கிளட்ச் பிளேட்டு போச்சாம். மெக்கானிக்கு நாலாயிரத்து எண்ணூறு கேக்கான். ஞாயித்துக்கிழமை பிரிக்கான். அன்னைக்கு உன் பாக்கி மொத்தமும் வரணும். வரலன்னா திங்கள்லருந்து ஒரு பிடி அரிசி கெடையாது, பாத்துக்கோ."

வீட்டில் நாலு நாள் அரிசிதான் இருந்தது. "பாய்ட்ட அட்வான்ஸ் கேளும்" என்றாள் என் மனைவி சண்முகவடிவு. மறுநாள் கேட்டேன். எதற்கு என்றார் பாய். சொன்னேன்.

"வண்டிக்கு என்ன ஆயில் ஊத்துனாரு?"

அதையும் சொன்னேன். பாய் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியது. அலமாரியிலிருந்து இரண்டு டப்பாக்களை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"படி."

எழுத்துக் கூட்டிப் படித்தேன். கார் டப்பாவில் 5W-30. பைக் டப்பாவில் 20W-40, அதற்குக் கீழே சின்னதாக MA2.

"மொத நம்பரு குளிர்ல ஆயில் எப்படி ஓடும்னு சொல்லும். பின்னாடி உள்ளது, சூட்டுல எவ்வளவு கெட்டியா நிக்கும்னு."

"பம்பாய்ல குளிர் எங்க பாய் இருக்கு?"

"அதான், அத விடு. MA-வைப் பாரு. கார்ல கிளட்ச் தனியா காஞ்சு கெடக்கும். பைக்ல அதே ஆயில்லதான் ஊறும். இந்தக் கார் ஆயில்ல பெட்ரோல் மிச்சமாகட்டும்னு வழுக்குறதுக்கு மருந்து போட்டுருக்கான். அது பைக் கிளட்சையும் வழுக்கிவிட்டுரும். இன்ஜின் ஓடும், சக்கரம் ஓடாது. பைக்குன்னா MA, இல்லன்னா MA2. ஸ்கூட்டர்னா MB."

இரண்டு வருடமாக அந்த டப்பாக்களைத் தூக்குகிறேன். விலையை மட்டும்தான் படித்திருக்கிறேன்.

"அட்வான்ஸ் கெடையாது. போய் உண்மையச் சொல்லு" என்றார் பாய்.

வண்டியைக் கெடுத்தவன் என்று பாக்கியில் இன்னும் ஏற்றிவிட்டால்? வாயை மூடிக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் மொத்தப் பணத்துக்கு எங்கே போவது? சாயங்காலம் கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன்.

"அப்ப நீ குடுத்த ஆயிலுதான் கெடுத்திருக்கு."

"நீங்க கேட்ட ஆயிலு அண்ணாச்சி."

"வெலை கூடுன சாமான் எப்படிலே கெடுக்கும்?"

"தலைக்குத் தேய்க்கிற வாசனை எண்ணெய் வெலை கூடத்தானே. அதுல வடை சுட்டா?"

அண்ணாச்சி எண்ணெய் அடுக்கைத் திரும்பிப் பார்த்தார். இருபத்திரண்டு வருடமாக எண்ணெய் விற்கிறவர்.

வியாழக்கிழமை பட்டறைக்கு வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். பழையதை இறக்கி, 20W-40 ஒரு லிட்டர் ஊற்றினேன். நானூற்றுப் பத்து ரூபாய், அவரே கொடுத்தார். பிளேட்டில் ஒட்டிய கார் ஆயில் கழன்று வர நாலு நாள் ஆகலாம் என்றார் பாய். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மூட்டையோடு பாலம் ஏறினார். இந்த முறை பின்னால் ஓடியவன் நான்.

கடையில் நோட்டைத் திறந்தார்.

"பிளேட்டு மாத்த வேண்டாம்னு ஆயிட்டு. நாலாயிரத்து எண்ணூறுல நானூத்திப் பத்து போக, நாலாயிரத்து முன்னூத்தித் தொண்ணூறு மிச்சம். கேட்டது நான், குடுத்தது நீ. கெடுத்ததுல ஆளுக்குப் பாதி. அப்ப மிச்சத்துலயும் பாதி. உன் பங்கு ரெண்டாயிரத்து நூத்தித் தொண்ணூத்தஞ்சு."

"முழுசாக் கழிக்கப்பிடாதா அண்ணாச்சி?"

"கழிச்சா நான்லா உனக்குக் கடன்காரன் ஆயிருவேன். சும்மா இரு."

பாக்கி ஆயிரத்து நானூற்று நாற்பத்தைந்து என்று வந்தது. வாடகை போக என் சட்டைப் பையில் ஆயிரத்து ஐநூறு இருந்தது. கொடுத்தேன். ஐம்பத்தைந்து ரூபாய் மீதி கொடுத்தார்.

"ஒரு கிலோ அரிசி குடுங்க."

"கணக்குலயா?"

"காசுதான்."

ஐம்பத்தைந்தையும் திரும்ப வாங்கி இரண்டு தடவை எண்ணினார். பிறகு நோட்டில் என் பக்கத்தை மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்து அடித்தார்.