ஒன்றாம் தேதி திரும்பும் வீடு

பாம்பனில் ஜோஸ்லின் வீடு மாதாமாதம் இருபத்து மூன்றாம் தேதி வாக்கில் காணாமல் போய், அடுத்த மாதம் ஒன்றாம் தேதி விடிந்ததும் இருந்த இடத்துக்கே திரும்பிவிடும். கையிலிருக்கும் கடைசி ரூபாய் செலவான அன்று, பொழுது சாயும் நேரத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கொடித் துணி, தண்ணீர்க் குடம், உள்ளே இருக்கும் மூன்று பேர் எல்லாம் ஒன்றாகப் போய்விடும். வெறும் மணல் கிடக்கும். சம்பளம் கணக்கில் ஏறிய காலையில் வீடு வந்து நிற்கும், போகும்போது பாதி வெந்திருந்த தோசை அடுப்பில் மீதியும் வேகும். நடுவில் போன நாட்கள் அவர்களுக்குத் தெரியாது. கண்ணை மூடித் திறக்கிற நேரம்கூட ஆகவில்லை என்று ஜோஸ்லினின் புருஷன் சகாயவினோத் டீக்கடையில் சொல்லியிருக்கிறான்.

கொரோனா வருஷத்தில் தொடங்கியது இது. ஜோஸ்லின் மண்டபத்தில் ஒரு நண்டு கம்பெனியில் வெந்த நண்டை உடைத்துச் சதை எடுப்பவள். சகாயவினோத் ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜுக்கு வாட்ச்மேன். இருவருக்கும் சம்பளத்தைக் குறைத்தார்கள். கொரோனா போனது, குறைத்த சம்பளம் மட்டும் போகவில்லை. ரேஷன் அரிசி வீட்டில் எப்போதும் இருக்கும், ஆனால் அரிசியை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் மாதத்தை ஓட்டிவிட முடியாது. தெருவில் மற்றவர்கள் குழுக் கடன் வாங்கி முப்பது நாளையும் முழுசாக வாழ்ந்தார்கள், வசூல்காரர் வரும் நாளில் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஜோஸ்லின் கடன் வாங்க மாட்டாள். வட்டிக்காரனுக்குப் பயந்து தன் அய்யா வருஷக்கணக்கில் பின்வாசல் வழியாகவே வந்துபோனதைப் பார்த்து வளர்ந்தவள். மாதத்தைப் பாதியில் முடிக்கிறாயே என்று கேட்டவர்களுக்கு அவளிடம் பதில் இருந்தது: "போன் ரீசார்ஜ் போடுறவன் மாசத்த இருபத்தெட்டு நாள்ல முடிக்கிறான். அவன யாராச்சும் கேட்டீங்களா?"

தெருவும் பழகிக்கொண்டது. வீடு இல்லாத நாட்களில் பையன்கள் அந்த மணலில் கிரிக்கெட் ஆடினார்கள். வீட்டுக்காரர் செல்லச்சாமி வாடகையில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. வீடு போனாலும் மனை அங்கேதானே கிடக்கிறது என்றார், அதுவும் நியாயம்தான். வேலைக்கு வராத நாளுக்கெல்லாம் கம்பெனியும் லாட்ஜும் சம்பளத்தைப் பிடித்தன, பிடித்ததால் அடுத்த மாதமும் அதே தேதியில் முடிந்தது. ஒருமுறை அவர்கள் கோழி வெளியே மேய்ந்துகொண்டிருந்தபோது வீடு போய்விட்டது. கோழி மட்டும் தங்கிவிட்டது. பக்கத்து வீட்டு தாஜுன்னிசா அதற்குத் தீனி போட்டாள், அது முட்டையிட்டது. வெளியில் இருப்பது வெளியிலேயே நின்றுவிடும் என்று அப்போதுதான் தெருவுக்குத் தெரிந்தது. ஆனால் எல்லாரும் வெளியே நின்றுவிட்டால் ஆளில்லாத வீடு திரும்பி வருமா என்பது யாருக்கும் தெரியாது. சோதித்துப் பார்க்க ஜோஸ்லினுக்குத் தைரியமும் இல்லை.

இதில் அடிபட்டது பிள்ளைதான். ஜோஸ்லினின் மகள் ஜெர்லினும் தாஜுன்னிசாவின் மகள் சூஃபியாவும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். ஏழு வயதில் ஜெர்லின் சூஃபியாவின் தோளுக்குத்தான் வந்தாள். அதைவிடப் பெரிய குறை, விவரம் தெரிந்து அவள் கிறிஸ்துமஸைப் பார்த்ததே இல்லை. அவர்கள் வீடு வந்து சேரும்போது புது வருஷம் பிறந்திருக்கும், தெருவில் மற்ற வீட்டுக் காகித நட்சத்திரங்கள் பனியில் நைந்து தொங்கும், கோயில் குடிலில் வைக்கோல் உதிர்ந்திருக்கும். அந்த வருஷம் கோயிலில் கிறிஸ்துமஸ் ராத்திரி நாடகத்துக்கு, வானத்திலிருந்து சேதி சொல்ல வரும் ஒரு சம்மனசு தேவைப்பட்டது. குடிலுக்கு மேலே கட்டிய பலகை கனம் தாங்காது என்பதால் ஞாயிறு வகுப்பிலேயே சின்னவளைத் தேடினார்கள். ஜெர்லின் கிடைத்தாள். அவளுக்கு ஒரே ஒரு வசனம்: பயப்படாதீர்கள். அதையே சோற்றுத் தட்டுக்கு முன்னாலும் குழாயடியிலும் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

டிசம்பரை இருபத்தைந்து வரைக்குமாவது இழுத்துவிடுவது என்று ஜோஸ்லின் முடிவு செய்தாள். ரீசார்ஜை நிறுத்தினாள். டீயில் பால் நின்றது. கம்பெனி விட்டுத் திரும்பும்போது பஸ் ஏறாமல் பாலத்தின் மேல் நடந்தே வந்தாள், காற்று சேலையைப் பிடுங்கியது. மஞ்சள் தூள் டப்பாவில் இரண்டு நாளுக்கான பணம் சேர்ந்தது. தன் பழைய வெள்ளைச் சேலையைக் கிழித்து இறக்கை தைத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கணக்கு சரியாக வந்திருக்கிறது என்று அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இருபத்திரண்டாம் தேதி கேஸ் தீர்ந்தது. சிலிண்டர் வாங்கியதும் டப்பா காலி.

மறுநாள் சாயங்காலம் ஜோஸ்லின் மகளுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டாள், ஆடிக்கொண்டிருந்த முன்பல்லைத் தொட்டுப் பார்த்தாள், உள்ளே வா என்றாள். ஜெர்லின் வெளியே துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"நான் வரலம்மா. கோழி இங்கனதான இருந்துச்சு? நானும் இருக்கேன்."

தானும் மகளோடு நின்றுவிடலாம் என்றுதான் சகாயவினோத் நினைத்தான். ஆனால் புருஷன் வெளிநாட்டில் இருக்கிற தாஜுன்னிசாவின் வீட்டில் போய் அவன் எப்படித் தங்குவது? தாஜுன்னிசா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் ஹமீது சுல்தான் சவூதியில் இருக்கிறார்.

"விட்டுட்டுப் போ ஜோஸ்லினு. சூஃபியாவோட படுத்துக்கிருவா. நாடகத்துக்கு நானே கூட்டிப் போறேன்."

"எட்டு நாளுக்கா... பச்சப்பிள்ளய விட்டுட்டா!" ஜோஸ்லின் முந்தானையால் கண்ணை ஒற்றினாள்.

"எங்க வீட்டு ஆளு ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வாராரு. ஒங்க வீடு எட்டு நாள்ல வந்துருதுல்ல? இதுக்குப் போயி அழுவாகளா? அல்லா பாத்துக்குவான், போ."

ஜோஸ்லின் உள்ளே போய் ரேஷன் அரிசியை ஒரு பையில் அளந்து கொண்டுவந்து நீட்டினாள். வேண்டாம் என்று சொன்னால் பிள்ளையையும் விட மாட்டாள் என்று தெரிந்தவள் தாஜுன்னிசா, பேசாமல் வாங்கிக்கொண்டாள். ஜோஸ்லின் வாசலில் நின்று மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெர்லின் கல்லின் மேல் ஏறி நின்று, இரண்டு கையையும் விரித்து, நாடகக் குரலில் "பயப்படாதீர்கள்" என்றாள். உள்ளே நின்ற சகாயவினோதுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரித்துக்கொண்டிருக்கும்போதே பொழுது சாய்ந்தது, வீடு போனது.

ஜோஸ்லினைப் பொறுத்தவரை அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். வெளியே ஜனவரி விடிந்திருந்தது. அதே கல்லின் மேல் ஜெர்லின் நின்றாள், பின்னல் வேறு மாதிரி இருந்தது. ஜோஸ்லினின் விரலில் எண்ணெய் இன்னும் காயவில்லை. "ஒழுங்கா சொன்னேம்மா, பலகயும் ஒடையல" என்று பிள்ளை சிரித்தபோது முன்பல் இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள்.

"கிறிஸ்மஸுக்கு மறுநாளே விழுந்துருச்சு. மாமி அவுக கூரையில போடச் சொன்னாக. நான் மாட்டேன்னுட்டேன். நம்ம கூரையிலதான போடணும்?"

சகாயவினோத் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டான். அவள் பல்லைக் கூரைமேல் எறிந்தாள், அது உருண்டு எங்கோ நின்ற சத்தம் கேட்டது. ஜோஸ்லின் அடுப்படிக்குப் போய்த் தோசையைத் திருப்பிப் போட்டாள், போட்டுவிட்டு நன்றாக அழுதாள். தனக்கு எட்டு நாள் நஷ்டம் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் முதல்முறை பட்டது.

அதற்குப் பிறகு ஜெர்லின் எந்த மாதத்தையும் விடவில்லை. வீடு போகிற அன்று அரிசிப் பையோடு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள். பள்ளிக்கூடத்தில் வருகை முழுசாக விழுகிறது. இப்போது அவள் சூஃபியாவின் காது வரை வந்துவிட்டாள். அம்மாவும் அய்யாவும் மட்டும் மாதத்துக்கு ஒரு வாரம் குறைத்தே வயதாகிறார்கள். இப்படியே போனால் ஒருநாள் மகள் தாயைவிட மூத்தவளாகிவிடுவாள் என்று தெருவில் கேலி பேசுகிறார்கள். ஆகட்டுமே என்கிறாள் ஜோஸ்லின். அவள் குறைத்த செலவுகளிலேயே பெரியது மகளோடு இருக்கும் அந்த ஒரு வாரம்தான், அதற்காக அவள் வருத்தப்படுவதும் உண்டு, ஆனால் நிறுத்துவதாக இல்லை.

ஒன்றாம் தேதி விடிகிறபோது ஜெர்லின் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டு அந்த மணலோரம் வந்து நிற்பாள். பையன்கள் அதற்குள் ஸ்டம்பு நட்டிருப்பார்கள்.

"ஏலே, தள்ளிப் போயி வெளாடுங்க. எங்க வீடு வருது."

அவர்கள் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு தள்ளிப் போவார்கள்.