கையில் இருந்தது

பயணப் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் தம்பி கட்டில் ஓரத்தில் உட்காரப் போனான். மூன்று வாரமாக முனகலைத் தவிர வேறு சத்தம் வராத அப்பாவின் தொண்டையிலிருந்து "ஏய்!" என்று ஓர் அதட்டல் வந்தது. பாதி உட்கார்ந்தவன் அப்படியே எழுந்து நின்றான். நாற்பது வயதுக்காரன், மதிப்பெண் பட்டியலைக் கொண்டுவந்த பையனைப் போல விறைத்திருந்தான்.

"என்னப்பா? என்ன ஆச்சு?"

அப்பா அவனைப் பார்க்கவே இல்லை. வலது கையை நீட்டி, இடுப்புக்குப் பக்கத்தில் போர்வையின் மேல் எதையோ தடவிப் பார்த்தார். சேதம் ஒன்றுமில்லை என்று உறுதியானதும் அதை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். போர்வையின் மேல் ஒன்றும் இல்லை.

"அங்க உட்காராதீங்க சார், நாற்காலியில உட்காருங்க," என்றாள் நர்ஸ். "அது அவரு கேமரா வெக்கிற இடம்."

சொன்ன பிறகு தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவளே ஒரு கணம் யோசித்தாள். பிறகு மருந்துத் தட்டை எடுத்து, கட்டிலின் அந்தப் பக்கம் வைக்காமல், சுற்றிக்கொண்டு போய்க் கால்மாட்டில் வைத்தாள். மூன்று வாரமாக அவள் அப்படித்தான் வைக்கிறாள் என்பதை அவன் அக்கா, மூத்தவள், அப்போதுதான் கவனித்தாள்.

அப்பாவின் கைகள் காற்றில் அசைவதை நரம்புக் கோளாறு என்றுதான் நர்ஸ் முதலில் நினைத்தாள். பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டது மூத்தவள்தான். இடது உள்ளங்கை அடியில் தாங்கும். இடது விரல்கள் ஒரு வளையத்தைத் திருகும். வலது ஆட்காட்டி விரல் மேலே அழுத்தும். அடுத்த மூச்சுக்குள் வலது கட்டைவிரல் பிலிமைச் சுற்றும். சில சமயம் லென்ஸையும் மாற்றுவார். ஒரு பொத்தானை அமுக்கி, கால் திருப்பு திருப்பிக் கழற்றி, தலையணையில் வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். சாகக் கிடப்பவர் கை நடுங்கத்தான் செய்யும். ஆனால் அப்பாவின் இரண்டு கைகளும் ஒன்றாக நடுங்கின, ஒன்று இடதுபக்கம் போனால் மற்றதும் அதே அளவு இடதுபக்கம் போயிற்று. நடுவில் கெட்டியாக ஏதோ இருந்தால்தான் கைகள் அப்படி நடுங்கும்.

அப்பா பாலங்கள் பிரிவில் முப்பத்தொரு வருடம் விரிசல்களைப் படம் எடுத்தவர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே பாலம், அதே தூண், அதே இடம், அதே லென்ஸ், அதே தூரம். விரிசலுக்குப் பக்கத்தில் ஓர் எஃகு அளவுகோல். போன தடவையின் படத்தோடு வைத்துப் பார்த்தால் விரிசல் வளர்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். "அளவுகோல் இல்லாத படம் படமே இல்ல, வதந்தி" என்பார். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே விரிசல். "விரிசல் இருக்காருங்களா?" என்று யாராவது தொலைபேசியில் கேட்டால், "வீட்டுக்குள்ளதான் இருக்கு, கூப்பிடறேன்" என்பாள் அம்மா. அம்மா போய் ஏழு வருடமாகிறது.

மூத்தவளுக்கு வரி அலுவலகத்தில் பழைய கோப்புகளைக் கழிக்கும் வேலை. பத்து வருடம் யாரும் கட்டவிழ்க்காத கோப்பு கழிவுக்குப் போகும். அதுதான் அங்கே விதி. முடிச்சையும் தூசியையும் பார்த்தே சொல்லிவிடுவாள். இரண்டு மாதம் முன்பு அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து மருத்துவமனையில் கிடந்தபோது, உயரம் கூட்டிக் குறைக்கும் கட்டிலைப் போடுவதற்காக அறையைக் காலி செய்தாள். சுவரோரம் நின்ற அலமாரியின் மேல்தட்டில் கேமராப் பை இருந்தது. சுற்றிலும் தூசி, பைக்கு அடியில் மட்டும் பை அளவுக்குச் சுத்தமான ஒரு சதுரம். வார் எப்போதும் போல மூன்றாவது துளையில். இரண்டு கேமரா, ஐந்து லென்ஸ். அலுவலகத்தில் ஒருத்தி, தன் பல் டாக்டருக்குப் பழைய கேமரா என்றால் உயிர் என்று சொல்லியிருந்தாள். அவர் வந்து, ஒவ்வொரு லென்ஸாக டார்ச் அடித்துப் பார்த்து, பிறந்த குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார். அலமாரியையும் அன்றே வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்குத் திரும்பிய அப்பாவின் கண் முதலில் போனது அந்தச் சுவருக்குத்தான்.

"பை எங்க?"

"சர்வீஸுக்குக் குடுத்திருக்கேம்பா. லென்ஸ்ல பூஞ்சை பிடிச்சிருந்துச்சு."

"எந்த லென்ஸ்ல?"

சின்ன வயதிலிருந்து காதில் விழுந்த எண்களில் ஒன்று வாயில் வந்தது. "நூத்தி முப்பத்தஞ்சுல."

அப்பா தலையாட்டினார். தூரத்துத் தூண்களை எடுக்கும் நீள லென்ஸ் அது. பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேச்சு நின்ற வாரத்தில் கைகள் ஆரம்பித்தன. கைகளின் இடைவெளியை வைத்தே எந்த லென்ஸ் என்று அவளால் சொல்ல முடிந்தது. எல்லாம் எடுத்தார், நூற்று முப்பத்தைந்தை மட்டும் ஒரு நாளும் எடுக்கவில்லை. அதுதான் சர்வீஸுக்குப் போயிருக்கிறதே! தான் சொன்ன பொய்யை அவர் இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள்.

தம்பி அடுக்களைக்கு வந்து கதவைச் சாத்தினான்.

"அவருகிட்ட சொல்லிடுக்கா."

"இந்த நேரத்துலயா? சொல்லி என்ன ஆகப்போகுது?"

"அவருக்கு ஒண்ணும் ஆகாது. உனக்குத்தான் சொல்றேன். மூஞ்சியைப் பாரு, திருடி மாட்டுனவ மாதிரி."

"பத்து வருஷமா அதை யாருடா தொட்டா? கழிக்க வேண்டியதைத்தானே கழிச்சேன்."

தம்பி குழாயைத் திறந்து மூடினான். பிறகு, "வாராவாரம் தொட்டாருக்கா," என்றான். "ஞாயித்துக்கிழமை நீ கடைக்குக் கிளம்புனதும் எடுப்பாரு. எனக்கு போன் போட்டுட்டே துடைப்பாரு. 'உங்கக்கா போயிட்டா, நான் பையைத் திறந்துட்டேன்'ன்னு சொல்லுவாரு, என்னமோ பீடி பிடிக்கிறவரு மாதிரி."

"சும்மா சொல்லாத. தூசியே கலையல. வார் அதே துளையில இருந்துச்சு."

"அதே துளையில போட்டிருப்பாரு. தூசியில இருந்த தடத்துக்கு உள்ளயே திருப்பி வெச்சிருப்பாரு. நம்ம அப்பாவாச்சேக்கா! ஒரு பொருளை எடுத்த இடத்துல ஒரு நூல் தள்ளி வெச்சிருக்காரா எப்பவாவது?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கிண்டல் பண்ணுவேன்னுதான். படம் எடுக்காம கேமராவைத் துடைக்கிறது, பல்லெல்லாம் கொட்டினவன் பிரஷ் வாங்குற மாதிரின்னு யார் சொன்னது?"

அவள்தான் சொன்னாள். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில். எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும்தான்.

"அம்மா, கொஞ்சம் வந்து பாருங்க," என்று உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது.

அப்பா கேமராவிலிருந்து லென்ஸைக் கழற்றித் தலையணையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு வலது கை, இதுவரை போகாத பக்கமாக, சுவரோரம் போயிற்று. எதையோ எடுத்தது. நீளமான பொருள், விரல்கள் முன்னைவிட அகலமாக விரிந்திருந்தன. உதட்டருகே கொண்டுபோய் அதன் பின்பக்கத்தில் லேசாக ஊதினார். கேமராவில் பொருத்தித் திருகினார். இடது உள்ளங்கை வழக்கமான இடத்தை விட்டு நாலு விரல்கடை முன்னால் போய்த் தாங்கிக்கொண்டது. வளையத்தைத் திருப்பினார். அந்தத் திருப்பு முடியவே இல்லை. அவ்வளவு நீளத் திருப்பு ஒரே ஒரு லென்ஸுக்குத்தான் உண்டு.

"இது புதுசா இருக்கே," என்றாள் நர்ஸ்.

மூத்தவள் பால்கனிக்குப் போய்ப் பல் டாக்டரைக் கூப்பிட்டாள். எதிர்முனையில் ஏதோ இயந்திரம் கிர்ரென்று ஓடி நின்றது.

"டாக்டர், அப்பாவுக்கு ரொம்ப முடியல. ஒரு நாளைக்கு மட்டும் அந்தப் பை வேணும். அவரு கையில குடுத்துட்டு, திருப்பிக் கொடுத்துடறேன்."

"ஐயோ, இதுக்குப் போய்க் கெஞ்சுறீங்களே. கிளினிக்கை முடிச்சுட்டு மூணு மணிக்கு நானே கொண்டு வரேன். அப்பா எத்தனை நாள் வேணாலும் வெச்சிருக்கட்டும்." கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு கேக்கலாமா? உங்க வீட்டுல அதை ஈரமான இடத்துல வெச்சிருந்தீங்களா?"

"இல்லையே. ஏன்?"

"ஒரு லென்ஸ்ல மட்டும் பூஞ்சை பிடிச்சிடுச்சு. நூத்தி முப்பத்தஞ்சுல. பின்கண்ணாடி முழுக்க, சிலந்தி நூல் மாதிரி. வாங்கும்போது பார்த்தேனே, பளிங்கு மாதிரி இருந்துச்சு. மத்த நாலும் அதே பெட்டியிலதான் இருக்கு, ஒண்ணும் ஆகல. எப்படின்னே தெரியல."

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"கவலைப்படாதீங்க, சர்வீஸுக்குக் குடுத்து சுத்தம் பண்ணியாச்சு. இப்பதான், ஒரு கால்மணி நேரம் இருக்கும், ஆள் கொண்டுவந்து குடுத்துட்டுப் போனாரு. ஹலோ? கேக்குதாம்மா?"

தெருவில் ஒருவன் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். அவன் முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "கேக்குது டாக்டர்," என்று வைத்தாள்.

அறைக்குள் வந்தபோது அப்பாவின் கண்கள் திறந்திருந்தன. கண்ணுக்கு முன்னால் கைகள். அவள் கட்டிலருகே போனாள். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும், இப்போதே, தம்பி வருவதற்குள்.

"பின்னாடி," என்றார் அப்பா.

தெளிவான குரல். பாலத்தடியில் உதவியாளரிடம் பேசும் குரல். அவள் ஓரடி பின்வாங்கினாள்.

"இன்னும்."

முதுகு சுவரில் தட்டியது. அலமாரி இருந்த சுவர். அங்கே மட்டும் சுண்ணாம்பு வெளுப்பாக இருந்தது. நீள லென்ஸுக்கு அவ்வளவு தூரம் வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அப்பாவின் இடதுகை வளையத்தைத் திருப்பி, கொஞ்சம் அதிகமாகப் போய், திரும்பி வந்து நின்றது.

"ஸ்கேல்."

"என்ன கேக்குறாரு?" என்றாள் நர்ஸ்.

"அளவுகோல். பக்கத்துல வெச்சாத்தான் எடுப்பாரு."

நர்ஸ் தன் பெட்டியைக் கிளறினாள். படுக்கைப் புண்ணை அளக்கும் காகித அளவுகோல் ஒன்றுதான் இருந்தது. அதைக் கொண்டுவந்து மூத்தவளின் கையில் கொடுத்துவிட்டு, படத்தில் விழாதபடி குனிந்துகொண்டே விலகினாள். தலைதுவட்டிய துண்டோடு வாசற்படிக்கு வந்த தம்பியும் அங்கேயே நின்றுவிட்டான்.

எங்கே வைப்பது என்று தெரியாமல், மூத்தவள் அதைத் தன் கன்னத்துக்குப் பக்கத்தில் செங்குத்தாகப் பிடித்தாள். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கறுப்புக் கோடு.

"அப்பா," என்றாள். "அந்தக் கேமராவையெல்லாம் நான்தான்..."

"பேசாத. ஆடும்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். மூச்சையும் பிடித்துக்கொண்டாள். அப்பாவின் கைகள் நடுங்கவில்லை. அந்தக் கைகளுக்கு நடுவிலிருந்த வெற்றிடம் தன்னைப் பார்ப்பதை அவள் முகத்தில் உணர்ந்தாள். வெயிலை உணர்வது போல, கண்ணை மூடினாலும் தெரியும்படி. ஆட்காட்டி விரல் மெதுவாகக் கீழே இறங்கி அழுத்தியது.

அவள் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த மூச்சுக்குள் அது சுற்ற வேண்டும். சுற்றினால் அவள் பேசலாம். கட்டைவிரல் அசையவே இல்லை. நர்ஸ் எழுந்து போய், அப்பாவின் கழுத்தில் இரண்டு விரலை வைத்து, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்த அளவுகோலை மூத்தவள் இறக்கவில்லை.

"அம்மா," என்றாள் நர்ஸ். "போதும்மா."

மதியத்துக்குள் செய்தி பரவிவிட்டது. மேல்வீட்டு அம்மாள் பூட்டைக்கூடப் போடாமல் ஓடிவந்தாள். பாலங்கள் பிரிவின் ஓய்வுபெற்ற பொறியாளர்கள் இரண்டு பேர் வந்து, சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். "ஒரே ஒரு படத்துல ஒரு பாலத்தையே மூட வெச்சவரு விரிசல்," என்றார் ஒருவர். "மந்திரி வந்து திறக்கச் சொன்னாரு. இவரு பழைய படத்தையும் புதுப் படத்தையும் மேசையில பக்கத்துல பக்கத்துல வெச்சாரு. ஒரு வார்த்தை பேசல."

"என்னைக்கு அவரு பேசினாரு?" என்றார் மற்றவர்.

உள்ளே நர்ஸும் மூத்தவளும் உடம்பைத் துடைத்து வேறு சட்டை போட்டார்கள். கைகள்தான் படியவில்லை. கழுத்துக்குக் கீழே, மார்புக்கு மேலே, இரண்டும் அதே இடைவெளியில் நின்றன. நர்ஸ் நீவி விட்டாள், வெந்நீர்த் துணி போட்டாள், மெல்ல அழுத்திப் பார்த்தாள். விட்டதும் கைகள் பழைய இடத்துக்கே வந்தன.

"இருபது வருஷமா இந்த வேலை பாக்குறேன், இப்படிப் பார்த்ததில்ல," என்றாள். நெற்றியைத் துடைத்துக்கொண்டு தள்ளி நின்றாள். சற்று நேரம் கழித்து, கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நீங்க வாங்கிக்கிடுங்கம்மா. எங்கிட்ட குடுக்க மாட்டேங்குறாரு."

மூத்தவள் கட்டிலுக்கு அருகே குனிந்தாள். இடது உள்ளங்கையை அப்பாவின் இடது கைக்குக் கீழே கொண்டுபோனாள். வலது கையைப் பக்கவாட்டில் கொடுத்துப் பிடித்தாள். சின்ன வயதில், "வாரைப் பிடிக்காத, அடியில தாங்கு" என்று அவர் சொல்லிக் கொடுத்தபடியே. பிடித்ததும் தன் பக்கம் எடுத்தாள்.

அப்பாவின் கைகள் தாமாக இறங்கி, ஒன்றின் மேல் ஒன்றாக, மார்பில் படிந்தன.

நர்ஸ் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். மூத்தவள் நிமிர்ந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு கைகளை அப்படியே வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். அவள் நடக்க, பொறியாளர்கள் இருவரும் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டார்கள். மேல்வீட்டு அம்மாள் நாற்காலியை ஒதுக்கி வழிவிட்டாள். "பார்த்தும்மா, பார்த்து," என்றது யாரோ ஒருவர் குரல்.

வாசலில் பல் டாக்டர் நின்றிருந்தார். சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார், வெள்ளை அங்கியைக்கூடக் கழற்றாமல். வெளியே கிடந்த செருப்புகளைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். தோளிலிருந்த பையைக் கழற்றி, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.

"எல்லாமே இருக்கும்மா. அஞ்சு லென்ஸும்."

அவள் பையைப் பார்த்தாள். வார் மூன்றாவது துளையில் இருந்தது.

"வாங்கிக்கோக்கா," என்றான் பின்னாலிருந்து தம்பி.

அவள் கைகள் அசையவில்லை. டாக்டர் பையை நீட்டியபடியே நின்றார்.